திரும்பி வரும்போதும் அளக்கணும்

கொஞ்ச நாள் முன்னால் ஓர் ஆதிதிராவிடர் மாணவர் விடுதிக்குப் போயிருந்தேன். அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அம்பேத்கர் படம். அதுக்குப் பக்கத்தில் இன்னொரு படம். ஒரு வெள்ளைக்காரன் வெறும் நீச்சல் ஜட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிள்மேல் குப்புறப் படுத்து, காலைப் பின்னால் நீட்டி, வெள்ளை வெளியில் பறந்துகொண்டிருந்தான்.

என்னோடு வந்த தோழர் முகம் சுளித்துவிட்டார். "இதென்ன அண்ணல் பக்கத்துல இப்படியொரு படம்? இதெல்லாம் நுகர்வு வெறி. மேட்டுக்குடிப் பையன்க விளையாட்டு. நம்ம பசங்களுக்கு எதுக்கு?" என்றார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, இது வேகமா போன வண்டியோட கதைண்ணே. படத்துப் பேருகூட 'உலகத்துலேயே வேகமான இந்தியன்'. யாரோ நம்ம நாட்டு ஆளுன்னு நெனச்சுத்தான் போட்டோம்."

எல்லாரும் சிரித்தோம். தோழருக்கு நான் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த மௌனம் உறுத்தியது. ஏனென்றால் அந்தப் பையன்கள் பக்கம்தான் என் மனசு நின்றது. ஆனால் அவர்களிடமும் சொல்வதற்கு எனக்குச் சில விஷயங்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் நான் ஏன் முகம் சுளிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடணும்.

என் அண்ணன் மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, டவுனில் ஒரு பட்டறையில் கிரீஸ் துடைக்கப் போனவன். பத்து வருஷத்தில் தனியாக ஒரு கொட்டகை போட்டான். ஆர்எக்ஸ் 100 வண்டி அவன் கைக்கு வந்தால் போதும். காதைக் கொடுத்துக் கேட்டே கார்புரேட்டரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். எங்கள் ஊர்க்காரர்கள், அதாவது சேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்க்காரர்கள், வண்டியை அவனிடம்தான் விடுவார்கள். "அவன் கைபட்டா வண்டி பறக்குதுய்யா" என்று அவர்களே சொல்வார்கள்.

ஆனால் அவன் கைபட்டுப் பறந்த அந்த வண்டிகள் ஓடிய ஊர்த்தெருவில் அவன் தன் வண்டியில் ஏறிப் போகக்கூடாது. தெருமுனை வந்ததும் இன்ஜினை அணைச்சிட்டு, இறங்கி, தள்ளிக்கிட்டு நடக்கணும். அந்தக் கடைசிக்குப் போய்த்தான் கிக்கரை உதைக்கணும். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசில் அவன் பின்னால் நடந்து, அந்த வண்டியைத் தள்ளிக் கொடுத்தவன் நான். இறங்கித் தள்ளுகிற வண்டி எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே வேகம் என்பது மேட்டுக்குடி மோகம் மட்டும் என்று யாராவது சொன்னால், அவர் ஒருநாளும் இறங்கித் தள்ளச் சொல்லப்படாதவர் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். வெட்டுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது கையை. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கை. வண்டி என்பது வெறும் வண்டி இல்லை என்று ஆதிக்கச் சாதிக்காரனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் தோழர்களுக்குத்தான் தெரியவில்லை.

*

இப்போது அந்தச் சுவர்ப் படத்துக்கு வருவோம்.

படுத்துக்கொண்டு பறக்கிறவன் பெயர் ரோலி ஃப்ரீ. 1948 செப்டம்பர் 13. இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள போன்வில் உப்புவெளி. கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பு. மேடு பள்ளம் கிடையாது. வண்டி இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் செய்த வின்சென்ட். முதலில் தோல் உடுப்புப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினான். அது காற்றில் கிழிந்து போனது. வேகம் மணிக்கு 148 மைல் சொச்சம். 150 வேண்டும். உடுப்பைக் கழட்டி எறிந்துவிட்டு, ஜட்டியும் இரவல் செருப்புமாக, காற்றுக்குப் பிடிகொடுக்காமல் வண்டிமேல் படுத்துவிட்டான். 150.313 மைல் வந்தது. அதாவது 242 கிலோமீட்டர். இரண்டு மைலுக்காகத் துணியைக் கழட்டினவன் என்று பையன்கள் சிரிக்கிறார்கள். கீழே விழுந்திருந்தால் உப்பு அவன் தோலை உரித்திருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அன்று அவர்கள் பார்த்த படம் 2005இல் ரோஜர் டொனால்ட்சன் எடுத்தது. ஆன்டனி ஹாப்கின்ஸ் நடித்தது. அதன் நாயகன் பர்ட் மன்ரோ. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்கிற ஊர்க்காரர். 1899இல் பிறந்தவர். 1920இல் ஒரு 'இந்தியன் ஸ்கவுட்' வண்டி வாங்கினார். 600 சிசி. வாங்கும்போது அது மணிக்கு 55 மைல்தான் ஓடும். அந்த ஒரே வண்டியைப் பல பத்தாண்டுகள் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். கொட்டகையில் பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். பழைய கேஸ் குழாயிலிருந்து சிலிண்டர் செய்தார். டிராக்டர் ஆக்ஸிலை அறுத்து, ராவி, கனெக்டிங் ராடு ஆக்கினார். உடைந்துபோனவற்றையெல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கி 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்தார். 1967இல், அறுபத்தெட்டு வயசில், நாற்பத்தேழு வயசான வண்டியில், அதே போன்வில் உப்பில், 1000 சிசிக்கு உட்பட்ட வகுப்பில் சாதனை படைத்தார்.

என் அண்ணன் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பான். பாஷை புரியாது. ஆனால் பிஸ்டன் வார்க்கிற காட்சி புரியும். பார்ட்ஸ் வாங்கக் காசில்லாமல் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்து ராவிப் பொருத்துகிற வேலையை அவன் தினமும் செய்தான். அந்தவகையில் மன்ரோ நம்ம ஆள்தான். கம்பெனி இன்ஜினியர் இல்லை, பட்டறைக்காரர். அறிவு என்பது புத்தகத்தில் மட்டும் இருப்பதாகச் சொல்கிற சமூகத்தில், கையில் இருக்கிற அறிவைக் கும்பிடுகிற படம் இது. நமக்கு இது பகையில்லை.

ஆனால்...

*

அந்தப் பையன் கேட்டான் அல்லவா, இந்தியன் என்றால் நம்ம நாட்டு ஆளா என்று. இல்லை. 'இந்தியன்' என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் 1901இல் தொடங்கிய கம்பெனியின் வண்டிப் பெயர். இறகுத் தலைப்பாகை அணிந்த பூர்வகுடி முகம் அதன் அடையாளச் சின்னம். யாருடைய நிலத்தைப் பிடுங்கினார்களோ, யாரைச் சுட்டுத் தள்ளி ஒதுக்கிடங்களுக்குள் அடைத்தார்களோ, அவர்கள் முகத்தையே பெட்ரோல் டேங்க்கில் ஒட்டி விற்றார்கள். போன்வில் உப்புவெளி கிடக்கிற அந்த மேற்குப் பாலைவனமும் கோஷூட் பூர்வகுடிகள் வாழ்ந்த மண்தான். அந்த உப்பில் ஓடிய வண்டிக்கு இந்தியன் என்று பெயர் இருக்கலாம். ஓட்டிய இந்தியன் எவனும் சாதனை ஏட்டின் அந்தக் கதையில் இல்லை.

படத்தில் ஒரு பூர்வகுடிக் கிழவர் வருகிறார். வழியில் மன்ரோவுக்குத் தங்க இடம் கொடுக்கிறார். மூத்திரக் கடுப்புக்கு நாட்டு மருந்து கொடுக்கிறார். பிறகு காணாமல் போய்விடுகிறார். நம்ம சினிமாவில் வருகிற விசுவாசமான வேலைக்காரனை எனக்கு ஞாபகப்படுத்தியது. நாயகன் நல்லவன் என்று காட்டுவதற்காக வந்து, காட்டி முடிந்ததும் சட்டகத்தை விட்டு வெளியேறுகிறவன். நாயகனுக்கு எல்லாரும் உதவுகிறார்கள். உதவி செய்கிறவர்களுக்குக் கதை கிடையாது. இதுதான் சாகசப் படங்களின் இலக்கணம். இதைப் பையன்கள் படிக்கக் கற்றுக்கொள்ளணும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

*

இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிள் படம் என்றாலே உலகம் முழுக்க முதலில் சொல்கிற பெயர் 'ஈஸி ரைடர்'. 1969இல் வந்தது. பீட்டர் ஃபோண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் நடித்தது, இயக்கம் ஹாப்பர். இரண்டு வெள்ளை இளைஞர்கள் சுதந்திரத்தைத் தேடி அமெரிக்காவின் குறுக்கே ஓட்டிப் போகிறார்கள். தெற்கில், லாரியில் வந்தவர்கள் அவர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். முன்சக்கரம் நீண்டு, டேங்க்கில் அமெரிக்கக் கொடி வரைந்த அந்த 'கேப்டன் அமெரிக்கா' வண்டியின் படம் ஒட்டாத பட்டறை உலகத்தில் குறைவு.

அந்த வண்டியைச் செய்தது யார்?

ரொம்ப வருஷம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் ஃபோண்டாவின் பெயர்தான் பதிலாகக் கிடைத்தது. உண்மையில் அந்த வண்டிகளைக் கட்டியதில் முக்கியமான இரண்டு பேர் கறுப்பர்கள். ஒருவர் கிளிஃப் வாஸ். இன்னொருவர் பென் ஹார்டி. லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதியில், கறுப்பர் குடியிருப்பில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். போலீஸ் ஏலத்தில் விட்ட பழைய ஹார்லி வண்டிகளை வாங்கி, வெட்டி ஒட்டி, அந்த அழகை உண்டாக்கினார்கள். படம் எடுக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வாஸ் விலக்கப்பட்டார். திரையில் அவர் பெயரும் வரவில்லை. ஹார்டி பெயரும் வரவில்லை. ஹார்டி 1994இல் செத்துப்போனார். அவர் போனபிறகுதான், 2000க்குப் பிந்திய வருஷங்களில், வாஸைத் தேடிப் போய் எழுதியவர்களால் இந்த விவரம் பரவலாக வெளியே வந்தது. 2014இல் அந்தப் படத்தின் வண்டி என்று சொல்லி ஒரு வண்டியை 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். அது அசலா போலியா என்று பெரிய சண்டை நடந்தது. வண்டி அசலா என்று சண்டை போட ஆள் இருந்தது. கட்டியவன் பெயர் விடுபட்டதற்குச் சண்டை போட நாற்பது வருஷமாக ஆளில்லை.

அதிலும் இந்தக் கிளிஃப் வாஸ் யார் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ளணும். அவர் வெறும் வண்டிக்காரர் இல்லை. 1960இல் கறுப்பு மாணவர்கள் தொடங்கிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் ஊழியர், அதன் புகைப்படக்காரர். 1964இல் மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் நடந்த போராட்டத்தில் தேசியக் காவற்படை அவரைப் பிடித்து இழுக்கிறது. தோழர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியை டேனி லயன் எடுத்த புகைப்படம் இன்றைக்கும் அந்த இயக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது. தான் கட்டிய சாப்பர் வண்டியோடு அதே வாஸ் அலபாமாவுக்குப் போய் ஓட்டியவர். தெற்கில் ஒரு கறுப்பன் தலைநிமிர்ந்து, சத்தமாக, தன் கையால் செய்த வண்டியில் போவது என்ன அர்த்தம் தரும் என்று தெரிந்தே போனவர். ஈஸி ரைடரில் அந்தத் தெற்கு வருகிறது. கறுப்பர்களின் வீடுகள் சாலையோரக் காட்சியாக ஓடி மறைகின்றன. வண்டியை நிறுத்தி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

இன்னொரு விசித்திரம். வாஸைப் படமெடுத்த அதே டேனி லயன்தான் சிகாகோவின் வெள்ளை மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடும் சுற்றி, 1968இல் 'தி பைக்ரைடர்ஸ்' என்ற புகைப்படப் புத்தகத்தை வெளியிட்டார். அதை வைத்து எடுத்த சினிமா 2024இல் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரே ஆள், ஒரே பத்தாண்டு. ஒரு பக்கம் உரிமைப் போராட்டம். ஒரு பக்கம் வண்டிக் கூட்டம். சினிமாவுக்குப் போன பாதி எது என்று பாருங்கள். இரண்டு பாதியும் வாஸ் என்கிற ஒரே உடம்பில் சேர்ந்திருந்தது. அந்த உடம்பைப் பற்றித்தான் பெரிய படம் எடுத்திருக்கணும்.

*

பெண் ஒருத்தியையும் சொல்லணும். பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட். கறுப்பினப் பெண். இவர் முதலில் ஓட்டியதும் ஒரு இந்தியன் ஸ்கவுட்தான். 1928ஆம் வருஷத்து வண்டி. மன்ரோ வைத்திருந்த அதே ரகம். 1930களிலும் 40களிலும் தன்னந்தனியாக அமெரிக்காவைக் குறுக்கே பல தடவை ஓட்டிக் கடந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்குத் தபால் கொண்டுபோன சிவிலியன் ஊழியர். தெற்கில் கறுப்பர்களுக்கு விடுதிகளில் இடம் கிடையாது. தெரிந்த கறுப்பர் வீடு கிடைத்தால் தங்குவார். இல்லையென்றால் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரில் சட்டையைச் சுருட்டி வைத்து, அதன்மேல் தலை சாய்த்து, வண்டியிலேயே படுத்துத் தூங்குவார்.

ரோலி ஃப்ரீ வண்டிமேல் படுத்தது உலகப் புகழ் பெற்ற புகைப்படம். பெஸ்ஸி வண்டிமேல் படுத்ததற்குப் புகைப்படமில்லை. ஒருத்தன் படுத்தது இரண்டு மைல் வேகம் கூடுவதற்காக. இன்னொருத்தி படுத்தது படுக்க இடமில்லாததற்காக. எனக்கு இரண்டும் சாதனைதான். ஆனால் இரண்டாவதை அளக்க எந்த அமைப்பும் கடிகாரம் வைத்திருக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை? 1924இல் தொடங்கிய அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1950கள்வரை வெள்ளையர்களுக்கு மட்டும்தான் உறுப்பினர் பதவி என்று விதி வைத்திருந்தது. பந்தயங்களுக்கு அனுமதி கொடுப்பதும், சாதனையைப் பதிவு செய்வதும் அந்தச் சங்கம். உள்ளே விடாதவனுடைய வேகத்தை அது எப்படிப் பதியும்? 1959இல் ஓக்லாந்தில் கறுப்பர்கள் 'ஈஸ்ட் பே டிராகன்ஸ்' என்று தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பெஸ்ஸியை அந்த அமெரிக்கச் சங்கம் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது 2002இல். அவர் செத்து ஒன்பது வருஷம் கழித்து.

ஆகவே சாதனை ஏடு என்பது, யார் வேகமாகப் போனார்கள் என்பதன் கணக்கு மட்டும் இல்லை. யாரை ஓடவிட்டார்கள் என்பதன் கணக்கும்கூட. நம்ம ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளினவன் எந்த ஏட்டில் எந்த வேகத்தோடு இருப்பான்? மணிக்கு மூன்று மைல்.

*

இவ்வளவும் சொன்னபிறகு, வேகச் சாதனையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

உப்புவெளியில் ஒரு தடவை சீறிக்கொண்டு போனால் அது சாதனை ஆகாது. போன தடத்திலேயே எதிர்த்திசையில் திரும்பி ஓட்டணும். போக ஒரு வேகம், வர ஒரு வேகம். இரண்டின் சராசரிதான் ஏட்டில் ஏறும். ஏன் இப்படி? காற்று. பின்காற்று அடித்தால் ஓட்டுகிறவன் திறமை இல்லாமலே பத்து மைல் கூடிவிடும். அதே காற்று திரும்பும்போது எதிர்க்காற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்றின் பங்கு கழிந்து, வண்டியின் பங்கும் ஓட்டுகிறவன் பங்கும் தெரியும். மன்ரோ ஒரு தடவை 190.07 மைல் போனார். ஒரு திசையில் மட்டும். அது ஏட்டில் ஏறவில்லை. படத்தில் அவர் 200 மைலைத் தாண்டுகிற மாதிரி காட்டுகிறார்கள். ஏடு அதை ஒத்துக்கொள்வதில்லை. 2010இல் ராக்கி ராபின்சன் அதே உப்பில் மணிக்கு 605 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிய சாதனைக்கும் இதே கணக்குத்தான். போய், திரும்பி வந்து.

தோழர்களே, 1990இல் மண்டல் அறிக்கையை அமலாக்கப் போவதாக வி. பி. சிங் அறிவித்ததிலிருந்து இன்றைக்குவரை நம் காதில் ஓதுகிற மந்திரம் என்ன? தகுதி, திறமை. பரம்பரை பரம்பரையாக நிலம், படிப்பு, பாஷை, உத்தியோகம், மாமன் மச்சான் சிபாரிசு என்று முதுகில் பின்காற்று அடிக்க ஓடினவன், ஒரே திசையில் ஓடி, ஒரே திசையில் அளந்து, இதுதான் என் வேகம் என்கிறான். எதிர்க்காற்றில் ஓடி அவனுக்கு நாலு மார்க் பின்னால் வந்தவனைப் பார்த்துத் தகுதியில்லை என்கிறான். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரனுக்குத் தெரிந்த நேர்மைகூட நம்ம தகுதி வாதிகளுக்குத் தெரியவில்லை. அய்யா, திரும்பி ஓட்டிக் காட்டுங்கள். எங்கள் திசையிலிருந்து ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். சேரியிலிருந்து, விடுதிச் சோறு தின்று, மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போய், அந்த மார்க்கை எடுத்துக் காட்டுங்கள். பிறகு இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்போம்.

இடஒதுக்கீடு சலுகை இல்லை. காற்றைக் கழிக்கிற கணக்கு.

இன்னொன்றும் உண்டு. மன்ரோவின் 1967ஆம் வருஷச் சாதனை 183.586 மைல் என்றுதான் ஏட்டில் இருந்தது. 2014இல் அவர் மகன் பழைய தாளைப் பார்த்து ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். ஒரு திசையில் 184.710. மறுதிசையில் 183.463. சராசரி 184.087 வரணும். கூட்டி வகுத்தவர்கள் தப்பாக வகுத்திருக்கிறார்கள். சங்கம் ஒத்துக்கொண்டு திருத்தியது. நாற்பத்தேழு வருஷம் கழித்து, மனுஷன் செத்து முப்பத்தாறு வருஷம் கழித்து, அரை மைலுக்காக ஏட்டைத் திருத்தினார்கள். நல்லது. அரை மைலுக்கு ஏட்டைத் திருத்த முடியும் என்றால், அதே ஏட்டில் பென் ஹார்டியை எழுத முடியும். முப்பது வருஷமாக நிரப்பாமல் வைத்திருக்கிற நம்ம பின்னடைவுப் பணியிடங்களையும் எண்ணிக் கொடுக்க முடியும். "பழைய கதை, விடுங்க" என்று சொல்கிறவர்களுக்கு நான் இனிமேல் இந்த அரை மைலைத்தான் சொல்லப் போகிறேன்.

*

கடைசியாக இரண்டு பேருக்கும் இரண்டு வார்த்தை.

தோழருக்கு: பையன்கள் அந்தப் படத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. நடக்கக்கூடாத தெருவில் நடப்பதும், ஓட்டக்கூடாத தெருவில் ஓட்டுவதும் நம் அரசியலின் ஆரம்பப் பாடம். உடம்பு நிமிர்வதற்கு முன்னால் சிந்தனை நிமிராது. இந்த ஆசையை நுகர்வு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், கடன்காரனும் கம்பெனி விளம்பரமும் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போவான். தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போகிற நாளில்தான் நம் பையன் நம்மிடம் வருவான்.

பையன்களுக்கு: வேகத்தைக் கும்பிடாதீர்கள், படியுங்கள். ஐல் ஆஃப் மேன் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தில் 1911இலிருந்து 250 பேருக்குமேல் செத்திருக்கிறார்கள். அங்கே ஆம்புலன்ஸும் ஹெலிகாப்டரும் காத்து நிற்கும். நம் புறவழிச் சாலையில் எதுவும் நிற்காது. ஆத்தா மட்டும்தான் வாசலில் நிற்பாள். மன்ரோ நாற்பத்தேழு வருஷம் ராவினார். ஓட்டியது சில நிமிஷம். ராவுகிற வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் விடுதிக்குப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போங்கள். யார் கை எந்த வண்டியைப் பறக்கவிடுகிறது, அவர் எந்தத் தெருவில் இறங்கித் தள்ளினார் என்று கேட்டு, பெயரோடு, வருஷத்தோடு எழுதுங்கள். நம் ஏடு அதுதான். அதை நமக்காக வேறு யாரும் எழுதப் போவதில்லை.

என் அண்ணன் கதையை முடித்துவிடுகிறேன். 1998இல் ஒரு சாயங்காலம், அவன் இறங்கவில்லை. ஊர்த்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஏறி உட்கார்ந்தபடியே ஓட்டிப் போனான். வேகம் ஒன்றும் பெரிசில்லை. முப்பதுக்குமேல் போயிருக்க மாட்டான். சேரியே அதைப் பேசியது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "போனது பெரிசில்லடா தம்பி. அதே தெரு வழியா திரும்பி வரணும்ல" என்றான்.

ராத்திரி திரும்பி வந்தான். காத்திருந்தார்கள். ஹெட்லைட்டை உடைத்தார்கள், வலது கை எலும்பை உடைத்தார்கள். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடச் சொல்லி நடையாய் நடந்தோம். சாதாரண அடிதடி என்றுதான் எழுதினார்கள். பிறகு சமரசம் என்றார்கள். கை கூடியது, ஆனால் பழைய மாதிரி ஸ்பானர் பிடிக்க வரவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள், இடது கையால் கிளட்ச் பிடித்து, வலது கையை ஆக்ஸிலேட்டரில் சும்மா வைத்தமாதிரி வைத்து, அதே தெருவில் போனான். பின்னால் சேரியிலிருந்து நாலு வண்டி. ஒரு வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த முனைக்குப் போய் நிற்கவில்லை. திருப்பினோம். அதே தெரு வழியாக, ஏறி உட்கார்ந்தபடியே, திரும்பி வந்தோம்.

எங்கள் ஏட்டில் அந்த நாள்தான் இருக்கிறது.